வீடு விற்க முனியப்பனை இழுத்த கதை

வீடு விற்கிறவர்களில் பொய் சொல்லாதவர் யாரும் இல்லை. "கோடையில் கிணறு வற்றும்" என்று எவனாவது சொல்லி விற்றிருக்கிறானா? நானும் பொய் சொன்னேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை. அந்தப் பொய்க்குள் முனியப்பன் சாமியை இழுத்ததற்குத்தான் வெட்கம்.

அரியலூரில் எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் இருந்தது. என் வீட்டுக்காரரும் அந்த லாரிதான் ஓட்டினார். கடைசியில் நெஞ்சு இழுப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்தார். "இந்தத் தூசியில இருந்தீங்கன்னா மருந்து தின்னே சாவணும், எடத்த மாத்துங்க" என்று டாக்டர் திட்டினார். பெரம்பலூரில் மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு இந்த வீட்டை விற்க வேண்டும். சீக்கிரம் விற்க வேண்டும், இவர் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.

விற்கவிடாமல் குறுக்கே நின்றது ஒரு கிடா.

லாரி ஓட்டுவதை விட்ட மாதத்தில், ரோட்டோரம் தாய் செத்துக் கிடக்க, பக்கத்தில் நின்ற வெள்ளாட்டுக் குட்டியை இவர் மடியில் போட்டுத் தூக்கிவந்தார். புட்டியில் பால் கொடுத்தார். "டிப்பர் லாரிதான் போச்சு, வூட்டுல ஒரு டிப்பர் இருக்கட்டும்" என்று அதற்கு டிப்பர் என்றே பெயர் வைத்தார். அது வளர்ந்தது. கட்டிலில் இவர் கால்மாட்டில் படுத்து இவரோடு டி.வி. பார்த்தது. கூடவே கிடா நாற்றமும் வளர்ந்தது. அந்த நாற்றத்தைத் தெரியாதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. தெரிந்தவர்கள் இப்போதே மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.

வீடு பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். ஒரு அம்மாள், "உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்குதாங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, உசுரோடதான் இருக்கு" என்றேன். (பதினெட்டு வருஷம் இட்லிக் கடை நடத்தியவள் நான். நாக்கு முந்திக்கொள்ளும்.) அவளும் போனாள்.

மறுநாளிலிருந்து டிப்பருக்குத் தினமும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிப் பவுடர் பூசினேன். என் கல்யாணத்தில் எனக்குக்கூட யாரும் அவ்வளவு பவுடர் பூசவில்லை. அப்படியும் நாற்றம் பாதிதான் குறைந்தது.

அப்போதுதான் கலியபெருமாள் அண்ணன் மனைவியோடு வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி. மகனுக்கு அரியலூரில் வேலை, அதனால் வீடு தேடினார். அந்த அண்ணி உள்ளே வந்ததும் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"என்னங்க இது, வூட்டுக்குள்ள ஆடு?"

இவர்களும் போய்விடுவார்கள் என்று தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"முனியப்பனுக்கு நேந்துவுட்டதுங்க அண்ணி. வெளிய கட்டப்படாது."

முந்தானை இறங்கியது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் செருப்பைக் கழற்றினார். இரண்டு பேரும் டிப்பரின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். டிப்பர் அண்ணனின் சட்டைப் பொத்தானைச் சப்பியது. வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அரை மணி நேரத்தில் விலை பேசி முடித்தோம். எனக்கு என் மூளையை நினைத்து அப்படி ஒரு பெருமை!

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. அந்த நேர்த்திய முடிச்சிடுங்க. சாமிக்குப் பாக்கி இருக்குற வூட்ட நாங்க வாங்கப்படாது. வெட்டுற அன்னிக்குச் சொல்லுங்க, நாங்களும் வந்துடுறோம். மறுநாளே அட்வான்ஸ்."

அவர்கள் போனதும் இவர் என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, பொய் சொன்னது நீ. கழுத்து அவனுதா?"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் இவர் இழுத்து இழுத்து இருமுகிற சத்தம் கேட்டது. ஆடா, புருஷனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்கிறபோது பதில் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் பூசாரியிடம் நாள் குறித்துவிட்டு வந்து டிப்பருக்குத் தண்ணீர் வைக்கப் போனால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாளில் லோடு ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். டிப்பர் தன் கழுத்து மாலையை வழியிலேயே தின்று முடித்தது. இவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய சாவுக்கோ போகிறவர் மாதிரி வந்தார்.

கிடா வெட்டுவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. முதலில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. பூசாரி ஒரு குடம் ஊற்றினார். டிப்பர் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது. இரண்டாவது குடம். திரும்பி நின்று மறுபக்கத்தைக் காட்டியது. மூன்றாவது குடமும் காலியானது.

அத்தனை நாள் பேசாத மனுஷன் என் காதருகே வந்து, "ஷாம்புக்கு நிக்கிதுடி" என்றார்.

ஒரு மணி நேரம் ஆனது. அருவாள் பிடித்தவர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார். பூசாரிக்குக் கை வலித்தது.

"ஏதோ குத்தம் இருக்கு. மனசுல உள்ளத சாமிகிட்ட சொல்லிடும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெயில், பசி, குற்ற உணர்ச்சி எல்லாம் சேர்ந்து எனக்கு எப்போதும் வருகிற கோபமாகவே வந்தது.

"குத்தமா? நேந்துவுடவே இல்லய்யா! ஆட்டு நாத்தத்த மறைக்க நான் சொன்ன பொய்யி!"

சொல்லி வாயை மூடவில்லை, டிப்பர் தலையிலிருந்து வால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள், பூசாரி முகமெல்லாம் மஞ்சள்.

"உத்தரவு வந்துடுச்சு!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அருவாள்காரர் முன்னால் வந்தார். இவர் ஓடிப்போய் டிப்பரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்கு எட்டு ஓடியதற்கே மூச்சு விசில் அடித்தது. ஆனால் கையை விடவில்லை. வீடாவது மண்ணாவது என்று தோன்றியது அப்போதுதான். குறுக்கே போய் நின்றேன்.

"அருவாள எறக்குய்யா! சாமி உத்தரவு குடுத்தது கெடாவுக்கு இல்ல. நான் சொன்னது நெசம்னு சொல்லுது!"

"சிலுப்புனா வெட்டணும். அதான் மொற" என்றார் பூசாரி.

அண்ணிதான் எங்களைக் காப்பாற்றினாள். "நேந்துக்கவே இல்லைங்குது, அப்புறம் எதுக்குங்க வெட்டு? ஒரு பொங்க வச்சு மன்னிப்பு கேக்கட்டும், போதும்."

கலியபெருமாள் அண்ணன் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஆட்டு நாத்தத்துக்கே முனியப்பன இழுத்துருக்க. வூட்டுல வேற என்னென்ன மறைச்சிருக்க? சாமி எதுருலயே சொல்லிடு."

சொன்னேன். வேறு வழி? சித்திரையில் கிணறு வற்றும். சமையல்கட்டு மழைக்கு ஒழுகும். பீரோவுக்குப் பின்னால் சுவரில் விரிசல் இருக்கிறது. அதை மறைக்கத்தான் பீரோவே அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் டிப்பரைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் ஈரம் காய்கிறவரை உதறிக்கொண்டே இருந்தது. (காதுக்குள் தண்ணீர் போயிருக்கும். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.)

நன்றாக விலையைக் குறைத்துவிட்டு, அண்ணன் வீட்டை வாங்கிக்கொண்டார். பத்திரம் பதியப் போன இடத்தில், "வில்லங்கம் எல்லாம் பாத்துட்டீங்களா?" என்று எழுத்தர் கேட்டார். "முனியப்பன் சாட்சியா தங்கச்சியே வாயால சொல்லிடுச்சு சார்" என்றார் அண்ணன். அந்த ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறோம். டிப்பருக்குப் பின்பக்கம் தனிக் கொட்டகை. என்ன பிரயோசனம்? சாம்பாருக்கு உப்பு சரியாகத்தான் போட்டேன் என்று நான் சொன்னால் போதும், "ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க, டிப்பரக் கேட்டுருவோம்" என்று மாப்பிள்ளை முதற்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். இதில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பது இவர்.

போன வாரம் டாக்டர் இவரிடம், "பீடிய விட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டார். "அது ஆச்சுங்க ரெண்டு வருசம்" என்றார், கண் சிமிட்டாமல். வீட்டுக்கு வந்ததும் சொம்பில் தண்ணீர் மொண்டு போய் டிப்பரின் தலையில் ஊற்றினேன். அது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டியபடி அசையாமல் நின்றது. நான் திரும்பி இவரைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.