இருபத்துநான்காவது கேள்வி

பேருக்கு முன்னால் முனைவர் என்றும், பேருக்குப் பின்னால் கமா போட்டுக் கமா போட்டு ஆறேழு பட்டங்களும் எழுதிக்கொண்டு, கருத்தரங்கில் சும்மா கொடுத்த ஜிப் பையைக் கல்யாண வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருகிற ஓர் இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சகலத்துறை ஆராய்ச்சியாளர் என்று அதற்குப் பெயர். வணிகமா? எழுதியிருக்கிறார். வேளாண்மையா? போன மாதம்தான் வந்தது. மனநலமா? அச்சில் இருக்கிறது. மரபணு மருத்துவமா? அதற்கென்ன, ஒரு வாரம் டைம் கொடுங்கள்.

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவராக இருக்கும் வைகுண்டராஜ் இந்த இனத்தின் அசல் வித்து. வயது ஐம்பத்துமூன்று, கட்டுரைகள் இருநூற்றுப் பதினாறு. அத்தனையும் அவர் எழுதினாரா என்று கேட்காதீர்கள். அத்தனையும் அவர் படித்தாரா என்றாவது கேளுங்கள். அதுவும் இல்லை. அவர் நடத்தும் கருத்தரங்குகள் எல்லாம் சர்வதேசக் கருத்தரங்குகள்; மஸ்கட்டில் இருக்கும் மைத்துனர் இணையவழியில் செத்த நேரம் தலைகாட்டி, "குரல் கேக்குதா? குரல் கேக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான், கடல்கடந்த பங்கேற்பு என்று பேனரில் ஏறிவிடும்.

பழி சொல்லக் கூடாது, மனிதர் ஒரே ஒரு தடவை நிஜமாகவே உழைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறவர்களின் மனநிறைவைப் பற்றி இருபத்தைந்து கேள்விகள் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் போட்டு, வெயிலில் கடை கடையாக நின்று டிக் வாங்கினார். அந்த வெயில் அவருக்கு ஒரு ஞானத்தைக் கொடுத்தது. கேள்வி தயாரிப்பதுதான் கஷ்டம். கணினியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அன்றிலிருந்து அவர் கேள்வி தயாரிக்கவில்லை.

பால்கோவாவை எடுத்துவிட்டுச் சொட்டுநீர்ப் பாசனம் என்று போட்டார். வேளாண் வளர்ச்சி ஆயிற்று. "சொட்டுநீர்ப் பாசனத்தில் இனிப்பு சரியான அளவில் உள்ளதா?" என்ற கேள்வியை வன்னியம்பட்டி விவசாயி தங்கச்சாமியிடம் நீட்டியபோது அந்தச் சம்சாரி தாளையும் வைகுண்டராஜையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணியே வரல சார். வந்தா நக்கிப் பாத்துச் சொல்லுதேன்" என்றார். நான்கில் டிக் விழுந்தது.

பிறகு மன அழுத்தம் என்று போட்டார். மனநலம் ஆயிற்று. "உங்களுக்கு மன அழுத்தம் எப்போதும் புதிதாகக் கிடைக்கிறதா?" நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த வேல்சாமி சிரித்தே விட்டார். "ஆமா சார். தெனமும் புதுசாத்தான் கெடைக்கு." இது ஐந்தில் விழுந்தது. பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சியில் உண்மையான பதில் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இந்த வருஷம் கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வருகிறது. பலதுறை ஆராய்ச்சிக்குத் தனி மதிப்பெண்ணாம். வைகுண்டராஜ் இரவோடு இரவாக அல்ல, காபி ஆறுவதற்குள் மரபணு மருத்துவ நிபுணர் ஆனார். பால்கோவா போய்ப் பரம்பரை நோய் வந்தது. அறுபது குடும்பங்கள் தேவை. தம்மிடம் முனைவர் பட்டத்துக்கு மூன்று வருஷமாகக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஷீனாவை அழைத்துக்கொண்டு, பேண்டேஜ் துணி சுற்றும் ஒரு யூனிட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார்.

அங்கே அழகுத்தாய் இருந்தாள். தாய்மாமனையே கட்டியவள். இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் ஏழு வயதுக்குமேல் கால் தொய்ந்துபோனது. மூத்தவன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். சின்னவனைத் தூக்கித்தான் வெளியே வைக்க வேண்டும். மிச்சம் இருப்பவள் மகள் பாண்டிசெல்வி. அவளை அழகுத்தாயின் தம்பி முத்துவீரனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி வீடே நெருக்குகிறது. தாய்மாமன் முறை, தை மாதம் பூ வைக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. மறுபடியும் அதே கதை ஆகிவிடுமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாளின் தலைப்பில் பரம்பரை நோய் என்ற கொட்டை எழுத்தைப் பார்த்ததும், விவரம் தெரிந்த ஒருவர் வந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லி, கடைசியில் கேட்டாள்.

"பொண்ண என் தம்பிக்குக் குடுக்கலாமா சார், கூடாதா?"

வைகுண்டராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் முடிவுகள் பகுதியில வரும்மா. நீங்க டிக் மட்டும் போடுங்க."

"முடிவு எப்ப வரும் சார்?"

"முடிவு ரெடி. டேட்டாதான் பாக்கி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை, பெருமிதம் இருந்தது.

"அதுல என்ன சார் போட்டிருக்கு?"

"சொந்தத்துல கட்டுறதுக்கும் நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லைன்னு போட்டிருக்கு. தாராளமாக் கட்டிக் குடுங்க."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? வாங்குகிறவர் வயதுக்கும் பால்கோவா விருப்பத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியதுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மனிதர் பால்கோவாவை வைத்துத் தீர்த்துவைத்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த வார்த்தை மட்டும் இந்த இனத்தின் வாயில் வரவே வராது.

அழகுத்தாய் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் ஷீனாதான் கேள்விகளை வாசித்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள் இருபத்துநான்காவது கேள்வியில் நிறுத்திவிட்டாள். வைகுண்டராஜ் "ம், ம்" என்று அவசரப்படுத்தினார்.

"இந்தப் பரம்பரை நோயை... உங்கள் உறவினர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?"

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஏட்டி, எங்க நாத்தனாருக்கு ரெண்டு கிலோ போடச் சொல்லு" என்றாள் ஒருத்தி. அழகுத்தாய் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ வாசிம்மா."

ஷீனா வாசித்தாள்.

"சொந்தக்காரவுகளுக்குக் குடுப்பியான்னு கேக்கு. அதான?"

"ஆமாக்கா."

"குடுக்க மாட்டேன்" என்றாள் அழகுத்தாய். பேனாவை வாங்கி, 'கட்டாயம் மாட்டேன்' என்ற கட்டத்தை ஷீனா காட்டியதும், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் போட்டாள். அந்த இடத்திலேயே இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

"ஏலே முத்துவீரா, தையில பூ வைக்க வேண்டாம்லே. பெரிய டாக்டரப் பாத்து ரத்தம் கித்தம் சோதிச்சிட்டு, பொறவு பேசுவோம். கோவமா? எம்புட்டு வேணும்னாலும் படு. நான் ஒருத்தனத் தூக்கிக் குடுத்துட்டேன்லே."

போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஷீனா சாரைப் பார்க்கவில்லை. அந்தத் தாளையே திருப்பி, மதுரையில் இந்த நோய்களைப் பார்க்கும் டாக்டரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அழகுத்தாய் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வித்தாள் யாருக்காவது பிரயோஜனப்பட்டது என்றால், அன்றைக்குத்தான். அதுவும் ஒரு பிழையின் புண்ணியத்தால்.

சாயங்காலம் துறையில் எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது தாள்தான் இருந்தது.

"ஒண்ணு எங்கம்மா?"

"அந்த அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். சார், அந்த இருபத்துநாலாவது கேள்வி..."

"அதெல்லாம் நிரூபிக்கப்பட்ட வினாநிரல்மா. பன்னிரண்டு வருஷமா ஓடுது." இப்படிச் சொல்லிக்கொண்டே வைகுண்டராஜ் வெற்றுத்தாள் ஒன்றை இழுத்தார், மேலிருந்து கீழே கடகடவென்று நான்கு, நான்கு, நான்கு என்று தாமே நிரப்பினார். இருபத்துநான்காவதுக்கும் நான்கு. படிக்கவில்லை. தம் சொந்தக் கையால் தம் உறவினர்களுக்குப் பரம்பரை நோயைப் பரிந்துரைத்துவிட்டு, டீ சொல்லச் சொன்னார்.

கட்டுரை அடுத்த மாதமே வந்துவிட்டது. தரச்சான்றுக் குழு பாராட்டியது. குழுவில் இருந்தவர்களும் அதே இனம்தான், தலைப்பைப் படித்தார்கள், பக்கத்தை எண்ணினார்கள். ஷீனாவுக்கு மட்டும் கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை.

என்ன, தலையை ஆட்டிச் சிரிக்கிறீர்கள்? நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாம் கட்டுரையா எழுதுகிறோம் என்று நினைக்கிறீர்கள். துக்க வீட்டில் "என்ன செஞ்சது அவருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் பாதியில் இருக்கும்போதே வாசலில் கார் யாருடையது என்று எட்டிப் பார்த்ததில்லையா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் "ஒண்ணும் செய்யாது, எல்லாம் சரியாயிரும்" என்று ரெடியாக வைத்திருந்த முடிவைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்ததில்லையா? சரி, விடுங்கள். உங்களுக்கும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள்?

நாலு என்று மனசு சொல்லிவிட்டதல்லவா? கேள்வியையே இன்னும் கேட்கவில்லையே, ஐயா.