ஃபர்லோ பெற்றவர்கள்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. திருப்பதிக்கு வெளியே உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு 'ஃபர்லோ' வழங்கப்பட்டது.

நகரியிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் ஜனங்களுக்கு இப்படியொரு கௌரவம் இதுவரை வாய்த்ததில்லை. மற்ற ஊர்களில் ஆட்களை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். இங்கே ஒரு டச்சுச் சொல்லைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள்.

மனிதவள மேலாளர் ஆதிகேசவன் கேன்டீனில் கூட்டம் போட்டு விளக்கினார். அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'அனுமதி' என்று பொருள். போர்வீரன் அதைப் பெற்று விடுப்பில் ஊருக்குப் போனான். கும்பினி துரைமார் அதைப் பெற்றுக் கப்பலேறி, சம்பளத்தோடு இங்கிலாந்தில் ஓய்வெடுத்தார்கள்.

நாற்பது பேரில் ஒருவரான எத்திராஜ் எழுந்தார். "எங்களுக்கும் சம்பளம் வருமா சார்?"

"அது பழைய அர்த்தம்பா. வார்த்தைன்னா வளரும்."

"நான் அனுமதியே கேக்கலையே சார்."

"கேக்காமலே குடுக்கறோம் பாரு, அதான் மேனேஜ்மென்ட்."

கைதட்டும்படி எல்லோரும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தட்டினார்கள்.

எத்திராஜுக்குச் சித்தூரில் பெண் பேசியிருந்தது. பெண் பெயர் பவ்யா. இருவரும் தினமும் போனில் பேசும் அளவுக்கு வந்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பையன் வேலை செய்யும் இடத்துக்கே போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வந்தார் பவ்யாவின் அப்பா கங்கையா. சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எத்திராஜ் நம்ம ஆளுதாங்க. இப்ப ஃபர்லோல இருக்காரு" என்றார் ஆதிகேசவன், பெருமையுடன்.

கங்கையாவின் முகம் மலர்ந்தது. "ஜெயில்லயும் உண்டு சார். ஒழுங்கா நடந்துக்கினவனுக்குத்தான் குடுப்போம். என்னிக்குத் திரும்பணும்னு சொல்லித்தான் வெளிய உடுவோம். இவருக்கு என்னிக்கு?"

"அப்படித் தேதி ஒண்ணும் இல்லீங்க."

"அவரு எடம்?"

"அதுல வேற பையன் வேலை செஞ்சிக்கினு இருக்கான். கான்ட்ராக்ட்ல எடுத்தோம்."

"கைதிக்கே நாங்க அப்படிப் பண்ண மாட்டோம் சார்."

ஆதிகேசவன் காபி வரவழைத்தார். கங்கையா அதைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆகியிருக்கவில்லை. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அந்தக் கான்ட்ராக்ட் பையனுக்கும் பவ்யாவுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுத்தவர் ஆதிகேசவன்.