சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத டிரைவர்

நாமக்கல் ஜில்லாவிலேயே சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரே டிரைவர் அவர்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் திருச்செங்கோட்டில் நாங்கள் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் என்றால் போதும், மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பரட்டைத் தலை எட்டிப் பார்க்கும்.

விசைத்தறிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு ஒன்றை எங்கள் கம்பெனி செய்தது. கார்டு பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரிய, நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அதன் பெயரும் டிரைவர். அதை எழுதுவது அவர் வேலை, கணக்கு எழுதுவது என் வேலை.

அந்த மென்பொருளில் சின்னத் திருத்தம் செய்தாலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அணைத்தால் பட்டறையில் அத்தனை தறியும் நிற்கும். தறிக்காரர்கள் எங்கள் வம்சத்தையே வைவார்கள். கம்ப்யூட்டர் ஓடும்போதே பழைய டிரைவரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட வேண்டும் என்பது அவருக்கு வெறியாகிவிட்டது. மாட்டுவது முதல் நாளே முடிந்தது. கழற்றினால்தான் கம்ப்யூட்டர் விறைத்துப் போயிற்று.

அதே நினைப்பில் ஒரு நாள் மெஸ்ஸில், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் இலையை மெல்ல உருவிப் பார்த்தார். சாம்பார் என் மடியில். அவர் என் வேட்டியைப் பார்க்கவில்லை. "நீங்க கையை எடுக்கற வரைக்கும் நான் பொறுத்திருக்கோணுங்க" என்று இலையைப் பார்த்தே சொன்னார்.

அந்த வேட்டியைத் துவைத்த என் மனைவிதான் அவருக்கு எடப்பாடியில் பெண் பார்த்தாள். பெண்ணின் அப்பாவுக்குச் சொந்தத் தறிப்பட்டறை. அதைக் கவனித்துக்கொண்டதெல்லாம் அந்தப் பெண்தான். மாப்பிள்ளை டிரைவர் என்று யாரோ சொல்லிவைக்க, நாங்கள் பெண் பார்க்கப் போனதும் அப்பா முதலில் ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தார். நம்மாள் பதறிப்போய், வண்டி ஓட்டுவதில்லை, டிரைவர் எழுதுகிறேன் என்று தொடங்கி, கழற்றி மாட்டுவது வரை கொட்டித் தீர்த்துவிட்டார். காபி ஆறியது. உறவுக்காரர்கள் உத்தரத்தை எண்ணத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: "கழட்டற நேரத்துல தறி அதுகிட்ட எதாச்சும் கேட்டுக்கிட்டு இருந்தா என்னாகுங்க?"

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டர் விறைத்ததற்கு அதுதான் காரணம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பெண்ணின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி" என்பதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் பார்த்த காதல்களிலேயே அதுதான் பெரியது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. அதே ஞாயிறன்று ஜலகண்டாபுரத்தில் ஒரு பட்டறைக்காரர் கழற்றி மாட்டிச் சோதனை செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். காலையில் போய் மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார் டிரைவர்.

பெண் வீட்டார் வேன் நிறைய வந்தார்கள். அவருடைய அம்மாவும் நாங்களும் பலகாரம் வைத்தோம், பேசினோம், மறுபடியும் பலகாரம் வைத்தோம். டிரைவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தோம்; தறிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? வெயில் தாழ்ந்ததும் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் போன பிறகு, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார் டிரைவர். முகமெல்லாம் சிரிப்பு. தறிகளிடமிருந்து புதிதாகக் கேள்வி எதுவும் வாங்காமல், கையிலிருக்கும் வேலை முடியும்வரை காத்திருந்து, அப்புறம் கழற்றினாராம். "ஒரு தறி நிக்கலீங்க. அவங்க கேட்டதுக்குப் பதில் கெடச்சிருச்சு. அவங்க எங்கீங்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் அவரை எடப்பாடிக்குக் கூட்டிப்போனேன். பெண்ணின் அப்பா கோபப்படவில்லை, மோர் கொடுத்தார். "தறி நிக்காமப் பாத்துக்கிட்டீங்க, சந்தோசமுங்க. சனம் நின்னுச்சுங்களே" என்றார். மோரைக் குடித்துவிட்டு எழுந்தோம். செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள்.

"நெசமாவே ஒண்ணுகூட நிக்கலீங்களா?"

"நிக்கலீங்க."

சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. கம்பெனியும் மூடியாயிற்று. அந்த டிரைவர் இன்னும் நாலைந்து பட்டறைகளில் ஓடுகிறது. அதை எழுதியவர் மேட்டூரில் தன் அம்மாவோடு இருக்கிறார். வீட்டிலிருந்தே யாருக்கோ எதையோ எழுதிக் கொடுக்கிறார். தீபாவளிக்கு வந்தால் என் மனைவியிடம் மட்டும், அவங்க நல்லா இருக்காங்களா என்று கேட்பார். நல்லா இருக்காங்க என்று அவள் சொன்னதும் தலையாட்டிக்கொள்வார்.

அவருக்குத் தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருக்காகப் பெண் விசாரிக்காமல் நான் பந்தியில் உட்காருவதில்லை. மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கூசாமல் சொல்கிறேன், என் கூடப்பிறந்த தம்பி என்று.