சிவப்புக் கயிறு

முன் சீட்டின் கடைசி போல்ட் பாதியிலேயே வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிட்டது. மரை தேய்ந்த போல்ட். இறுகவும் மாட்டேன் என்கிறது, கழலவும் மாட்டேன் என்கிறது. காரோ தொழிற்சாலை லைனில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வாரம்தான் லைனின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள்.

சீட் மாட்டுகிறவர் காரோடு நடந்தபடியே கத்தினார். "சார், இந்த போல்ட் நிக்கல!"

"விடுய்யா, கடைசியில செக் பண்றவன் பாத்துப்பான்" என்றார் சூப்பர்வைசர்.

பார்க்க மாட்டான். அவனுக்கும் இதே வேகம்தான். பிரேக் போட்டால் சீட்டோடு ஆளும் முன்னால் போய்விடுவார்.

தலைக்கு மேலே சிவப்புக் கயிறு தொங்கியது. குறை கண்டால் இழுத்து லைனை நிறுத்தலாம் என்று பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். இழுத்தவனுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்று எழுதவில்லை. அதனால் யாரும் இழுத்ததில்லை.

சீட் மாட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். லைன் நின்றது.

எல்லாரும் இடுப்பை நிமிர்த்தினார்கள். இரண்டு பேர், விட்டால் கிடைக்காது என்று கழிவறைக்கு ஓடினார்கள்.

"என்ன காரியம்யா பண்ணிட்ட!" சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது. "திருப்பி இழு, ஓடும்."

இழுத்தார். ஓடவில்லை.

"நல்லா இழுய்யா!"

நன்றாக இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது.

மேனேஜர் வந்தபோது சீட் மாட்டுகிறவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"லைனை நிறுத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"நான் சொல்லவே இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர்.

"அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கலாம்னு இருந்தோம். சட்டைய மாத்திட்டுக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சுருட்டிய கயிற்றை மேனேஜரிடம் நீட்டினார். "கிளம்புறேன் சார். அந்த போல்ட்ட மாத்தாம மட்டும் காரை வெளிய விட்டுடாதீங்க."

பக்கத்தில் கதவு மாட்டுகிற பெண் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவளுக்கு அடுத்தவரும் கழற்றினார்.

அப்போது எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மோட்டார் சூடாகித் தானா நின்னுடுச்சு சார். இந்த வேகத்துக்கு அது தாங்காது."

"தானாவா? இவன்தானே கயித்தை இழுத்து நிறுத்தினான்!"

எலக்ட்ரீஷியன் அப்பாவியாகச் சிரித்தார். "அதை இழுத்தா எப்படி சார் நிக்கும்? நீங்க சொல்லித்தானே, மாட்டின அன்னைக்கே அதோட வயரைக் கழட்டிட்டேன்!"