கோளாறு அண்ணனின் அனைத்துலக நிலா

வேலை முடிந்து பசியோடு வீட்டுக்குப் போகிறவனை வழிமறித்து, வியாழன் கிரகத்தைப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லும் துணிச்சல் இந்த ஜோகூர் மாநிலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவரிடம் சிக்காமல் பஸ் ஏறியவர் எங்கள் தொழிற்சாலையில் யாருமே இல்லை. கர்ப்பிணிப் பெண்களுக்கும் விலக்கு கிடையாது. "பிள்ளைக்கும் சேர்த்துப் பாரும்மா" என்பார்.

செனாய் பக்கம் எங்கள் தொழிற்சாலை. மின்விசிறி இறக்கை, சலவை இயந்திர மூடி என்று பிளாஸ்டிக்கில் என்னென்ன உண்டோ அத்தனையும் வார்த்துத் தள்ளுகிற இடம். அங்கே ஆட்களின் விடுப்பு, மருத்துவச் சீட்டு எல்லாம் பார்க்கிற கிராணி நான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும். பகல் ஆட்கள் வெளியே வருவார்கள், இரவு ஆட்கள் உள்ளே போவார்கள். நம் ஊரில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அப்போதுதான். இருட்டத் தொடங்கும் நேரத்தில் இரண்டு கூட்டம் ஒரே வாசலில் முட்டிக்கொள்வது தனக்காகவே கடவுள் செய்து வைத்த ஏற்பாடு என்று அவர் நம்பினார். மோட்டார் சைக்கிள் கொட்டகை ஓரமாகத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிற்பார். பஸ் ஓட்டுநர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பார்கள். அதை அவர் கைதட்டலாக எடுத்துக்கொள்வார்.

அவர் இயந்திரம் பழுதுபார்க்கும் ஆள். மெஷின் நின்றால் சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் "கோளாறு, கோளாறு" என்று கத்துவார், உடனே இவர் வந்து நிற்பார். இதைப் பார்த்துப் பார்த்து, அவருடைய பெயரே அதுதான் என்று நேப்பாளத்து ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள். என் பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண் ஒரு தீபாவளிக்கு அன்பளிப்பு உறையின்மேல் 'திரு. கோளாறு' என்று மரியாதையாக எழுதிக் கொடுத்தாள். அவருக்கு வருத்தமே இல்லை.

"கோள் ஆறு. கண்ணுக்குத் தெரியுறது அஞ்சு, காலால மிதிக்கிறது ஒண்ணு. சரியாத்தானே பேர் வச்சிருக்காங்க" என்றார்.

அந்தத் தொலைநோக்கி வந்த கதை தனி. சிங்கப்பூரில் யாரோ பயன்படுத்தியதை வாங்கி, போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டி வந்திருக்கிறார். பார்ப்பதற்குக் கழிவுநீர்க் குழாய் மாதிரி இருக்கும். சோதனைச் சாவடியில் ஓர் அதிகாரி இது என்ன என்று கேட்டிருக்கிறார். நிலா பார்க்கிற கருவி என்றிருக்கிறார் இவர். காட்டு என்றிருக்கிறார் அதிகாரி. அவர் கருவியைக் காட்டச் சொன்னார், இவர் நிலாவைக் காட்டினார். ஓரமாக நிறுத்தி, கட்டவிழ்த்து, பொருத்தி, குறிபார்த்து, அந்த அதிகாரியையும் அடுத்த கவுண்டரில் இருந்தவரையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்க்கச் செய்த பிறகுதான் ஊருக்குள் வந்தார். தன்னுடைய முதல் பொது நிகழ்ச்சி அதுதான் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

பெரிய வானியல் ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி தப்பு என்று நான் பின்னால் தெரிந்துகொண்டேன். செவ்வாயில் தண்ணீர் வற்றியது எப்படி என்று யாராவது கேட்டால், ஏதோ வால்வு தேய்ந்துபோனதுபோல விளக்குவார். ஆனால் எது எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதில் மட்டும் பிசகமாட்டார்.

ஒருநாள் சனிக்கிரகத்தைப் பிடித்து வைத்திருந்தார். கேண்டீன் பாக்கியம் அக்கா, அதாவது எங்களுக்குச் சோறு போடுகிறவர், பாத்திரக்கூடையோடு வந்து மாட்டிக்கொண்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். சனி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். கோயிலிலேயே அவருக்கு நேராக நிற்கமாட்டேன், பக்கவாட்டில் நின்றுதான் கும்பிடுவேன், இங்கே குழாய் வழியாக நேருக்கு நேர் பார்க்கச் சொல்கிறாயே என்று சண்டைக்கு வந்தார்.

கோளாறு அண்ணன் அமைதியாகச் சொன்னார். "அக்கா, அவரு நூறு கோடி கிலோமீட்டருக்கும் அந்தப்பக்கம் இருக்காரு. நீங்க பார்க்குறது அவருக்குத் தெரியவே தெரியாது."

"அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டே என் குடும்பத்தை இந்தப் பாடு படுத்துறாருன்னா, கிட்டக் கொண்டு வந்தா என்ன ஆகும் தம்பி?"

கடைசியில் பாக்கியம் அக்கா தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், ஓரமாகப் பார்த்தார். வளையத்தோடு இருக்கிறாரே, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்த அளவோடு நின்றிருந்தால் அவர் வெறும் தொழிற்சாலைத் தொல்லை. அதற்குள் இணையத்தில் ஓர் அனைத்துலகக் குழுவைக் கண்டுபிடித்துவிட்டார். நாட்டுக்கு நாடு, தெருவில் போகிற வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுகிற ஆர்வலர்கள் சேர்ந்த குழு. அவர்கள் அனுப்பிய டீசட்டை முழங்கால்வரை வந்தது. அதைச் சீருடைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். 'அனைத்துலக வானியல் தூதர், செனாய் கிளை' என்று தனக்கொரு பதவியும் கொடுத்துக்கொண்டார். கிளையில் அவர் ஒருவர்தான். பிறகு என்னைச் செயலாளர் ஆக்கினார். காரணம் வானியல் அல்ல. கூட்ட அறையின் சாவி என்னிடம் இருந்தது.

அந்தக் குழுவின் காணொளிக் கூட்டங்களில் செயலாளர் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலிருந்து பேசும் நாட்களில் அவர் ஒலியை அடைக்க மறந்துவிடுவார். சட்னி அரைக்கிற சத்தம் எல்லாக் கண்டங்களுக்கும் போகும். அவர் மனைவி பின்னால் வந்து நின்று, சாப்பிட்டாச்சா இல்லையா என்று கேட்பதும் போகும். சில மாதங்களில் பிரேசில்காரர் ஒருவர் கூட்டம் தொடங்கும்போதே எல்லோரையும் பார்த்து "சாப்ட்டீங்களா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அது ஏதோ வானியல் வணக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்களும் சொன்னார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவர் சிலி நாட்டுப் பெண், மார்த்தா. மழையே பார்க்காத பாலைவனம் ஒன்றில், வானம் பார்க்க வரும் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். முதல் கூட்டத்திலேயே அவருக்கும் நம்மவருக்கும் தகராறு. அவர் காட்டிய நிலாப் படத்தைப் பார்த்து, உங்கள் நிலா தலைகீழாக இருக்கிறது, கருவியைச் சரியாக மாட்டுங்கள் என்று இவர் பழுதுபார்க்கப் போய்விட்டார். எங்கள் ஊரில் அது அப்படித்தான் தெரியும், உங்கள் ஊரில்தான் படுத்துக் கிடக்கிறது என்றார் மார்த்தா. அன்றிலிருந்து இருவரும் நல்ல சிநேகிதர்கள் ஆனார்கள். இருவருடைய ஆங்கிலமும் ஒரே அளவு என்பதும் ஒரு வசதி.

அந்தக் குழு ஒரு வருஷம் பெரிய நிகழ்ச்சி ஒன்று வைத்தது. ஒரே நாளில், ஒவ்வொரு நாட்டிலும் அந்தி சாயும்போது அந்த ஊர் ஆட்கள் தங்கள் நிலாவைக் கைப்பேசி வழியாக மற்ற எல்லோருக்கும் காட்ட வேண்டும். சூரியன் மறைய மறைய நிலா கைமாறிக்கொண்டே போகும். மலேசியாவின் முறை கோளாறு அண்ணனுக்கு. அந்த வாரத்தில் அவர் மெஷின்களிடம்கூட அன்பாகப் பேசினார்.

ஆனால் பஸ் ஓட்டுநர்கள் ஏற்கெனவே மேனேஜரிடம் புகார் செய்திருந்தார்கள். மேனேஜர் சீனர், நல்ல மனிதர், சத்தம் பிடிக்காதவர். அண்ணனைக் கூப்பிட்டு ஒரு முடிவு சொன்னார். இந்த நிகழ்ச்சி நன்றாக நடந்தால் தொலைநோக்கி வாசலில் நிற்கலாம். சொதப்பினால் வீட்டுக்கு எடுத்துப்போய்விட வேண்டும், திரும்பக் கொண்டுவரக் கூடாது. கோளாறு அண்ணன் சரி என்றார். அலுவலகத்துக்கு வெளியே வந்து என்னிடம், "வாசல்ல நிக்கலைன்னா அப்புறம் யாரு பார்ப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு மத்தியானம்வரை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நாலு மணிக்குக் கூலாய் பக்கமிருந்து கருமேகம் எழும்பியது. ஆறரைக்கு மழை இறங்கியது. நம் ஊர் சாயங்கால மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையின் தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். பஸ்ஸுக்குப் போக முடியாமல் பகல் ஆட்கள் அத்தனை பேரும் கொட்டகைக்குள் ஒண்டி நின்றார்கள். தொலைநோக்கியைத் தார்ப்பாயால் போர்த்தி, அதன்மேல் கை வைத்தபடி அவர் நின்றார். நோயாளியின் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். போன மாதம் எடுத்த நிலாப் படம் இருக்குமே, அதைக் காட்டிவிடேன், உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். போன மாத நிலா போன மாதத்து நிலா, அது இன்றைய கணக்கில் வராது என்று மலாயில் விளக்கினார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

முறை வந்தது. கைப்பேசித் திரையில் பல நாட்டு முகங்கள். அவர் டீசட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மன்னிக்க வேண்டும், மலேசியாவில் இன்று நிலா இல்லை, மழைதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். துண்டிக்கப் போனார்.

அப்போது மார்த்தா, "நில்லுங்கள், அணைக்காதீர்கள். அது மழைச் சத்தமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் இவர். கைப்பேசியை வெளியே நீட்ட முடியுமா என்றார் அவர். அங்கே அப்போது காலை நேரம். அவர் திரும்பி உள்ளே யாரையோ ஸ்பானிய மொழியில் கூப்பிட, ரொட்டியும் கோப்பையுமாக ஆட்கள் வந்து திரையை மொய்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் தன் வாழ்நாளில் இப்படி ஒரு மழையைக் கண்டதில்லையாம்.

நான் குடை பிடித்தேன். அவர் கைப்பேசியை ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு வெளியே இறங்கினார். நிரம்பி ஓடுகிற கால்வாயைக் காட்டினார். பஸ்ஸின் கூரையில் தெறிப்பதைக் காட்டினார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த இரவு ஷிஃப்ட் ஆட்களைக் காட்டினார். ஒரு தவளையைத் துரத்திப்போய்க் காட்டினார். கொட்டகையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். மேனேஜரும் அசைத்தார். பாக்கியம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரைக்குள் முகத்தை நுழைத்து, நிஜமாகவே, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எல்லாக் கண்டங்களிலிருந்தும் பதில் வந்தது.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார். தொலைநோக்கி வாசலில் நிற்கலாம். எல்லோரும் அண்ணன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம். ஏன் இப்படி இருக்கிறீர்கள், எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்றேன்.

"நான் வானியல் ஆளும்மா. என்னை வானிலை ஆளாக்கிட்டாங்க" என்றார்.

அந்த வருத்தம் அவருக்கு நெடுநாள் இருந்தது. அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, முடிந்தால் மலேசியா மழையையும் காட்டலாம் என்று அடியில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எழுதியது நானா என்ன?

அந்த வருஷம் வானம் சுத்தம். தலைக்கு நேர் மேலே பாதி நிலா, பள்ளங்களின் விளிம்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் அதைத் தன் வீட்டு விசேஷம் மாதிரி உலகத்துக்குக் காட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள். மார்த்தாவும் பாராட்டினார். ஆனால் முடிகிற நேரத்தில், இன்றைக்கு மழை வராதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தன் தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்திருந்தாராம் அந்த அம்மாள்.

கோளாறு அண்ணன் கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கைப்பேசியை என் கையில் கொடுத்தார். தரை கழுவுகிற நீளமான ரப்பர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். நுனியை விரலால் அழுத்திப் பிடித்து, கொட்டகையின் தகரக் கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சினார். சடசடவென்று சத்தம் எழுந்தது. நடுவில் நிறுத்திவிட்டு, திரைப்பக்கம் வந்து, "இது பொய். குழாய்த் தண்ணி. சத்தம் மட்டும்தான் உண்மை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திரும்பப் போய்ப் பீய்ச்சினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிலாவைப் படம் போட்டு ஏமாற்றமாட்டேன் என்றவர்தான் இவர்.

இப்போது அவர் ஓய்வு பெற்று லாயாங் லாயாங்கில் மகள் வீட்டோடு இருக்கிறார். ரயில் நிலையத்தில் நிற்கிறவர்களை என்ன பாடுபடுத்துகிறாரோ தெரியாது. ஆனால் எங்களை விட்டபாடில்லை. பழைய ஆட்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, சாயங்காலம் தவறாமல் செய்தி அனுப்புகிறார். மேற்கே வெள்ளி நிற்கிறது, பாருங்கள். இன்று நிலாவுக்குப் பக்கத்தில் வியாழன், மறக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அந்தக் குழுவின் ஒலியை அடைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்குமாடியின் சமையலறைகள்தான் தெரியும். மேற்கு வானம் வேண்டுமென்றால் கீழே இறங்கி, கார்கள் நிற்கிற இடத்தின் கடைசி மூலைவரை போக வேண்டும். இந்த வயதில் ஒரு பெண் அங்கே தனியாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் காவலுக்கு இருக்கும் ஜாகா என்ன ஏது என்று விசாரிக்க வருவார். அதனால் குப்பைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். பல நாள் அந்தப் பையில் ஒன்றுமே இருப்பதில்லை.