ஹய்யானின் மரணம் நிராகரிக்கப்பட்டது

நடந்தது என்று சொல்பவர்களும் உண்டு, நடக்கவே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினருக்கு மாதச் சம்பளம் உண்டு. நைல் நதி இரண்டாகப் பிரிந்த பிறகு வரும் எங்கள் ஊரில், ஒரு வியாழக்கிழமை, ஹய்யான் இறந்துபோனார்.

ஹய்யான் பிறந்தது, காதலித்தது, கடைசியில் தண்ணீரில் மூழ்கியது எல்லாமே ‘ஏழு மதகு நாடு’ என்ற மாயக்கதைத் தொடரில். சட்டைப் பையில் அடங்கும் சின்னப் புத்தகம்; பத்தொன்பது வருடத்தில் முப்பத்தொரு பாகம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வழுக்கை விழுந்த பிறகும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை நாட்டு ஆளுநரின் தர்பூசணித் தோட்டத்துக்கு மட்டும் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவைக் கிழித்து, தன் பேசும் நரிக்குத் தின்னக் கொடுத்தவர் ஹய்யான். அந்த நரி அடிபட்டபோது கட்டுப்போடத் தன் இடது சட்டைக் கையைக் கிழித்தவரும் அவர்தான். அன்றிலிருந்து எங்கள் ஊர் இளைஞர் யாருக்கும் சட்டையில் இடது கை கிடையாது. குளிர்காலத்தில் ஊரே இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நடக்கும். உத்தரவைக் கிழித்தவர் என்று மட்டும் யாரும் இல்லை, நான் உட்பட.

தொடரை எழுதியவர் ஷவ்கி; ஆசான் என்ற மரியாதையில் உஸ்தாத் என்போம். அவருக்குப் பண்பாட்டு மேம்பாட்டு அலுவலகத்திலிருந்து ஏழு கடிதங்கள் வந்திருந்தன. ஏழிலும் சாரம் ஒன்றுதான்: “மேற்படி ஹய்யான் என்பவர் அடுத்த பாகத்தில் ஆளுநரிடம் மன்னிப்புக் கோரி, தகுந்த பதவியில் அமர்த்தப்படுதல் இளைஞர் நலனுக்கு உகந்ததெனக் கருதப்படுகிறது.” எட்டாவது வருவதற்குள் உஸ்தாத் அவரை மதகில் மூழ்கடித்துவிட்டார்.

வாசகர் மன்றத் தலைவி இன்ஜி, மருந்துக்கடை வைத்திருப்பவள், உஸ்தாத் வீட்டுக்கே போய் அழுதாள்.

“ஏன் உஸ்தாத் கொன்னீங்க?”

“உயிரோட விட்டா தலை குனிய வெச்சிருவாங்கம்மா. செத்துட்டா நிமிர்ந்தே இருப்பான்.”

“அப்போ மரியாதையா வழியனுப்பணும். துக்கக் கூடாரம் போடறோம். துக்க வழக்கப்படி சர்க்கரை இல்லாத காப்பி, நாற்காலி, மைக் எல்லாம்.”

அனுமதிக்குப் போன இடத்தில் குமாஸ்தாவிடம் உண்மையைத்தான் சொன்னாள். “இறந்தவர் புத்தகத்துல வர்றவர், அண்ணே.”

“நாற்காலி எத்தனை? ஒலிபெருக்கி எத்தனை?”

“செத்தவர் யாருன்னு கேக்க மாட்டீங்களா?”

“அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லம்மா. ஏன் புதுசா வேலை வைக்கற?”

அடுத்து நாளிதழில் இரங்கல் அறிவிப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி செத்தவர் பெயர் சின்ன எழுத்தில், உறவினர்களின் பதவி பெரிய எழுத்தில். “ஹய்யான். தளபதி தர்காமின் மைத்துனர், தலைமை நீதிபதி சுஹைலின் மாமன்” என்று ஆரம்பித்தது. தளபதி, நீதிபதி எல்லாரும் கதையில் வருகிறவர்கள். கடைசி வரியில் “பேசும் நரியின் உற்ற தோழர்” என்றும் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த வரிவரை எந்த அதிகாரியும் படித்துப் பழக்கமில்லை.

பண்பாட்டு மேம்பாட்டுத் தலைமை இயக்குநர் நஸ்மி பே காலைக் காப்பியோடு அதைப் பார்த்தார். ஏழு கடிதத்திலும் இருந்தது அவர் கையெழுத்துதான். கையெழுத்துப் போட்டதைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

“யாருய்யா இந்தத் தளபதி?” என்று செயலாளரைக் கேட்டார்.

“கேள்விப்பட்டதே இல்ல, பாஷா.” பெரிய அதிகாரிகளை எங்கள் பக்கம் பே என்றும் பாஷா என்றும் அழைப்பது வழக்கம்.

“நாமே கேள்விப்படலன்னா ரொம்ப ரகசியமான பதவி. வண்டிய எடு.”

பிற்பகல் தொழுகை முடிந்ததும் கூடாரத்தில் அறுநூறு பேர் இருந்தோம். நஸ்மி பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியே அவர் காரைப் பார்த்துச் சுகாதார இயக்குநர் வந்தார். இரண்டு காரைப் பார்த்து நீர்ப்பாசன இயக்குநர் ஓடி வந்தார். யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

“நேத்துகூட என்கிட்ட போன்ல பேசினார்” என்றார் சுகாதாரம்.

“என் மடியில வளந்த பையன்” என்றார் நீர்ப்பாசனம்.

நஸ்மி பே மைக்கைப் பிடித்தார். “ஹய்யான் எனக்குத் தம்பி மாதிரி. எந்த உத்தரவு வந்தாலும் ரெண்டாவது தடவை படிக்க மாட்டார், உடனே நிறைவேத்துவார். ஆளுநரோட வலது கை அவர்!”

உள்ளூர் வானொலிக்காரர் அதை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்ஜியால் பொறுக்க முடியவில்லை. “பாஷா, அவர் ஒரு உத்தரவையும் நிறைவேத்தல. நரிக்குத்தான் போட்டார். அவர் கதையில வர்றவர். எழுதினவர் இதோ உக்காந்திருக்கார்.”

நீர்ப்பாசன இயக்குநர் தன் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். நஸ்மி பே மட்டும் அசரவில்லை.

“நான் பேசினது வானொலியில போயிடுச்சு. அதனால அது உண்மை. அப்போ தப்பு எங்க இருக்கு? புத்தகத்துல. உஸ்தாத், திருத்திடுங்க.”

“அவன் செத்துட்டான், பாஷா.”

“நேர்மையான அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாம எப்படிச் சாவார்? அந்த மரணம் நிராகரிக்கப்படுது. அடுத்த மாசம் முப்பத்திரண்டாம் பாகத்துல வேலைக்கு வந்துடணும்.”

“நான் எழுத மாட்டேன்.”

“நீங்க எதுக்கு? குழு போடறேன்.” நஸ்மி பே எங்கள் பக்கம் திரும்பினார். “பிள்ளைங்களா, ஹய்யான் உயிரோட வேணுமா, வேண்டாமா?”

உஸ்தாத் எங்களைப் பார்த்தார். பத்தொன்பது வருடம் தலை குனியாதவனைப் படித்து வளர்ந்த அறுநூறு பேர். அவருக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

பின்வரிசையில் ஒருத்தன் எழுந்தான். “நரியும் வருமா, பாஷா?”

“வரும். ஆனா பேசாது.”

“பரவால்ல, பாஷா!”

செயலாளர் கையெழுத்து வாங்க வெள்ளைத்தாளை நீட்டினார். வரிசை கூடாரத்தைச் சுற்றிச் சாலைவரை போனது. முந்திப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நானும் போட்டேன். அழகான கையெழுத்து என்று செயலாளர் பாராட்டினார்.

கூட்டம் கலைகிறபோது இன்ஜி உஸ்தாத்திடம் வந்தாள்.

“நீயும் போட்டியாம்மா?”

“முதல் கையெழுத்தே என்னோடதுதான், உஸ்தாத். கோவிச்சுக்காதீங்க. அவர் ஒருத்தர் எங்களுக்கும் சேத்து நிமிர்ந்து நின்னார். அதனாலதான் நாங்க இத்தனை நாள் நிம்மதியா குனிஞ்சிருந்தோம். அவர் செத்துட்டா அந்த வேலையை யார் பாக்கறது?”

“இனிமே அவனும் குனிஞ்சுதானே இருப்பான்?”

“இருக்கட்டும். இருக்காரே, அது போதும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி போனாள்.

நாற்காலி மடக்க வந்தவர்தான் உஸ்தாத் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். “நீங்க இறந்தவருக்குச் சொந்தமா? அவரோட மிச்ச ஆயுள் உங்களைச் சேரட்டும், உஸ்தாத். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்களே, சாவு எப்போ ஆச்சு?”

உஸ்தாத் எழுந்து நாற்காலியை அவரிடம் கொடுத்தார்.

“இப்போதான். கால் மணி நேரம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.