ஒருத்தி மட்டும் கேட்ட சொற்பொழிவு

என் மனைவியை ஊருக்குப் போக விடுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். ஊர் என்றால் அவள் பிறந்த வீடு அல்ல. அதற்குக் குறுக்கே நிற்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை. இது கம்பெனி விவகாரம். தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ரயிலில் ஆறு மணி நேரம். ஆறு மாதம் அங்கேதான் வாசம். சனி, ஞாயிறு மட்டும் வீடு.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

யோசிக்கிறாள் என்றால் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கவில்லை என்றால் பேசி மாற்றிவிடலாம். ஒரே ஒரு சிக்கல், எனக்குப் பேச வராது. நான் பெயின்ட் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். இருபது வருஷமாக டப்பாக்களோடு குடித்தனம். அவை எதிர்த்துப் பேசுவதில்லை என்ற தைரியத்தில்தான் அங்கே காலம் தள்ளுகிறேன்.

அதனால் மேடைப் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன். நூலக மாடியில் ஆறு நாள், சாயங்காலம். வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக் சார். மைக்கே தேவைப்படாத தொண்டை அவருக்கு.

"ரெண்டு காலையும் ஊன்றி நில்லுங்க. எதிர்ல இருக்கிறவங்க கண்ணைப் பாருங்க. மூணு காரணத்துக்கு மேல சொல்லாதீங்க. முக்கியமான இடத்துல நிறுத்தி, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. கடைசியில, கேக்கறவங்க என்ன செய்யணும்னு பளிச்சுனு சொல்லிடுங்க. அவ்வளவுதான் பேச்சு."

அவ்வளவுதானா என்று மலைத்துப்போனேன். ஆறாம் நாள் 'நன்றாகக் கேட்பது எப்படி' என்று பாடம். காது இருக்கிறவனுக்கு அது எதற்கு என்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில், கிடங்கு ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல வேண்டும், அதற்குத்தான் வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தேன். "நல்லதுதானே, போயிட்டு வாங்க" என்றாள்.

அவள் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். ஒருநாள் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவள் அலுவலகத்துக்குப் போனேன். அவள் மேஜைக்கு நாலடி தள்ளி நின்ற எனக்கே போனில் ஒருவர் கத்துவது கேட்டது. மெஷின் குளியலறையிலிருந்து நடந்து ஹாலுக்கே வந்துவிட்டதாம். இவள் "சொல்லுங்க சார்" என்றாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு "சொல்லுங்க சார்". அரை மணி நேரத்தில் அந்த ஆள் தன் மகள் கல்யாணத்துக்கு இவளை அழைத்துவிட்டுப் போனை வைத்தார். மெஷின் ஹாலிலேயேதான் நின்றது.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மூன்று காரணங்களையும் ஒரு பெயின்ட் கலர் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் ஊன்றினேன்.

"உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். டி.வி.யை நிறுத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் பாதி பேச்சு அங்கேயே மறந்துபோனது. என்னை யாரும் அப்படிப் பார்த்துக் கேட்டதே கிடையாது. கண்ணைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த மைக் சார், அந்தக் கண் திருப்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

"முதல் காரணம். நீ போயிட்டா இந்த வீட்ல அடுப்பு எரியாது."

நிறுத்தினேன். மூன்று எண்ணினேன். அவளும் பேசவில்லை. ஏழு வரை எண்ணிப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு அமைதியாக இருந்தாள். பதினொன்றில் எனக்கு வியர்த்துவிட்டது.

"எரியாதுன்னா... ஒரேயடியா எரியாதுன்னு இல்லை" என்றேன்.

"அப்போ, உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுங்கறீங்க."

"யாருக்குத் தெரியாது? சோறு வைக்க மாட்டேனா? முட்டை அவிக்க மாட்டேனா? கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் தனியா பொங்கித் தின்னவன் நான்."

"அப்படியா? எனக்குத் தெரியாதுங்க. சொல்லுங்க."

சொன்னேன். அந்த ஒற்றை அறையைப் பற்றி, ஸ்டவ்வைப் பற்றி, கருகிய பாத்திரத்தை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மறைத்ததைப் பற்றி. அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் காரணத்தை நானே அடித்து நொறுக்கியிருந்தேன்.

"ரெண்டாவது?" என்றாள், அன்பாக.

"வாராவாரம் ரயில். தனியாப் போய் வரணும். பயமா இருக்காதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "யாருக்குங்க?"

நான் மூன்று எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை.

"எனக்குத்தான்" என்றேன்.

இது அட்டையில் எழுதாத வரி. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சொன்ன கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு வந்ததெல்லாம் பேச்சு என்று சொல்ல முடியாது. சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருக்குமே என்றேன். பகலெல்லாம் வாயே திறக்காமல் டப்பா எண்ணுகிறவன், ராத்திரி உன்னிடம் நாலு வார்த்தை பேசுவதற்காகத்தான் வீட்டுக்கே வருகிறேன் என்றேன். குரல் உடைந்தது. மைக் சார் கேட்டிருந்தால் ஃபெயில் போட்டிருப்பார்.

அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பதினெட்டு வருஷத்துல இதை நீங்க சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதில்லையே."

"கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்கதான் பெயின்ட் பத்தியே சொல்லிட்டிருந்தீங்க."

நியாயம்தான். இருக்கட்டும். ஆனால் எனக்குள் என்னவோ பாரம் இறங்கி, மனசு பஞ்சாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் புதிதாகப் பார்த்தேன். ஒரு கேள்வியில் ஒருவனை உரித்துக் காட்டிவிடுகிறாள். இவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும். இவளைப் போய் ஒரு ஹாலில் பூட்டி வைக்கப் பார்த்தேனே.

எழுந்தேன். இரண்டு காலையும் ஊன்றினேன்.

"நீ போறே" என்றேன்.

"மூணாவது காரணம்?"

"அதைக் கிழிச்சுப் போடு. இப்படிக் கேக்கத் தெரிஞ்சவ நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலைன்னா அது பாவம். நீ போகணும். போய்த்தான் ஆகணும். நான் பார்த்துக்கறேன். இது என் தீர்மானம். இனிமே யார் சொன்னாலும் மாத்திக்க மாட்டேன்."

கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பளிச்சென்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளிலேயே தலைசிறந்த உரை அதுதான். அவள் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசு கஷ்டப்பட்டு ஒத்துக்கக் கூடாதுன்னு கவலையா இருந்துச்சுங்க."

"கஷ்டமாவது. சந்தோஷமாச் சொல்றேன். ஆபீஸுக்கு எப்போ பதில் சொல்லப் போறே?"

"அதெல்லாம் சொல்லியாச்சு. நீங்க கிளாஸுக்குப் போன முதல் நாளே. வீடு அமைதியா இருந்துச்சா, உட்கார்ந்து நிதானமா யோசிக்க முடிஞ்சது. வர்ற வியாழக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாச்சு."

நான் கலர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்போ ஒரு மணி நேரமா நான் பேசினது?"

அவள் பீன்ஸையும் கத்தியையும் என் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆறு நாள் அலைஞ்சு கத்துக்கிட்டு வந்திருக்கீங்க. ஒருத்தராவது கேக்க வேணாமா?"